ஓடாத லாரிக்கும் தவணை

லாரி வீட்டு வாசலுக்கு வந்து நாற்பது நாளாகியும் இன்னும் ஒரு நடைகூட அடிக்கவில்லை. பதிவுச் சான்று கிடைத்துவிட்டது. சரக்கு வாகன அனுமதிச் சீட்டில்தான் எல்லாம் நின்றுபோயிருக்கிறது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் அந்தச் சீட்டையே கேட்பதில்லை. என் ஆறு சக்கர லாரிக்கோ அது கைக்கு வராமல், ஆண்டுக்கு 16,500 ரூபாய் கட்டிப் பெறவேண்டிய தேசிய அனுமதிக்கும் வழியில்லை.

இத்தனைக்கும் தடை ஒரே ஓர் எழுத்து. தந்தையார் பெயரின் முதலெழுத்து ஆதாரில் என் பெயருக்குப் பின்னாலும் காப்பீட்டுப் பத்திரத்தில் முன்னாலும் இருப்பதால், அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பிக்கும் இணையதளம் என்னை இரண்டு ஆட்களாகக் கருதி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது. பெயருக்கு முன் எழுத்துப் போடுவது தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம் என்பதை அந்தத் தளத்தை வடிவமைத்தவர்கள் அறிந்திருக்க வேண்டாமா? காப்பீட்டு நிறுவனத்தில் திருத்தம் கேட்டால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகக் கடிதம் கொண்டுவரச் சொல்கிறார்கள்; அலுவலகத்திலோ திருத்திய பத்திரத்தைக் காட்டினால்தான் பேசவே முடியும் என்கிறார்கள். பல லாரி வைத்திருப்பவர்கள் இதற்கென்றே ஆள் வைத்துக்கொள்ள, நான் ஓட்டுநர் வேலையை விட்டுவிட்டு அலைகிறேன். முதல் தவணையை மனைவியின் வளையலை அடகு வைத்துக் கட்டினேன். இரண்டாவது தவணை வரும் ஐந்தாம் தேதி.