சாவி கேட்டது ஒரு குற்றமா?

பீரோ சாவியைக் கொடுங்கள் என்று கேட்டேன்; நான் செய்த பிழை அவ்வளவுதான். தணிக்கைக்கு வந்த ஆடிட்டர் என் முதுகுக்குப் பின்னால் நிற்க, மார்ச் மாத வவுச்சர் கட்டு பீரோவுக்குள் நிம்மதியாக உறங்க, சாவியைச் சட்டைப்பையில் வைத்திருந்த எங்கள் பிரிவின் சொல்லாராய்ச்சி வித்தகர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தபடி, "சாவி என்கிற பேர் எப்படி வந்தது தெரியுமா சார்?" என்று ஆரம்பித்தார். அப்போது மணி 11.40. கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டால் முற்பகல் போயிற்று என்று பொருள். உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இல்லாமலா இருப்பார்?

பூட்டுக்குச் சாவு தருவதால் அது சாவியாம். பால் பிடிக்காமல் பதராகிப்போன பயிரைச் சாவி என்று ஊரில் சொல்வார்கள்; அந்தச் சாவிக்கும் சாவுக்கும் உறவு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பீரோவைத் திறக்கிற சாவி போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இன்று கைப்பேசியிலேயே கிடைக்கிறது. பார்க்க அரை நிமிடம் போதும். அதைப் பார்த்துவிட்டால் மீதி ஒரு மணி நேரத்தை எப்படி ஓட்டுவது என்ற கவலைதான் அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடவில்லை, போர்த்துக்கீசியம் என்று சொல்லித் தொலைத்தேன். உடனே எதிர் மேசைக்காரர் எழுந்து வந்துவிட்டார். சன்னமான காற்று நுழைவதால் சன்னல், அலம்பிய துணியை மாரிக்கு நனையாமல் வைப்பதால் அலமாரி, இவை எப்படி வெள்ளைக்காரன் சொல்லாகும் என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். இரண்டும் அதே போர்த்துக்கீசியம்தான் என்றேன். "நீங்கள் கப்பலில் கூட வந்தீர்களா?" என்று கேட்டார். இதற்கு என்ன பதில் சொல்வது? திறவுகோல் என்ற அருமையான தமிழ்ச் சொல் இருக்கிறது. தமிழ்ப்பற்று அவ்வளவு பொங்கினால் "இந்தா திறவுகோல்" என்று எடுத்து நீட்டியிருக்கலாம். அதற்கு மட்டும் மனம் வரவில்லை. நம் கட்டுமரமும் சுருட்டும் ஆங்கிலத்தில் குடியேறியபோது அங்கே இத்தனை பேர் வேலையை நிறுத்திவிட்டு மேசையைச் சுற்றி நின்றிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பொறுக்க முடியாமல் கழிப்பறைக்குப் போனேன். கை கழுவ வந்தவர் போல வித்தகர் பின்னாலேயே வந்து, கக்கூஸ் என்பது தூய தமிழ் என்று கதவுக்கு வெளியே நின்று நிறுவ ஆரம்பித்தார். அது டச்சுச் சொல். உள்ளிருந்தே கத்தினேன். நாற்பத்தாறு வயதில், தாழிட்ட கதவுக்குப் பின்னால் நின்று, ஒல்லாந்தருக்காக வாதாடினேன்.

திரும்பி வந்தால் ஆடிட்டர் அதே இடத்தில் நின்றார். அந்தக் காலத்தில் கணக்கை வாய்விட்டு வாசிக்க, அதைக் காதால் கேட்டுச் சரிபார்த்தவர் என்பதால்தான் 'கேட்பவர்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அவருக்கு அந்தப் பெயர் வந்தது. பெயருக்குத் துரோகம் செய்யாமல் மனிதர் ஒரு மணி நேரமாகக் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார். இதை அவரிடம் சொல்ல நாக்கு துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். எனக்கும் தொற்றிவிட்டது என்று தெரிந்ததும் சிரிப்புதான் வந்தது.

மணி 12.50. வித்தகர் ஒரு வழியாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சாவியைச் சட்டைப்பையிலிருந்து பாதி வெளியே எடுத்தார். நானும் கையை நீட்டினேன். அப்போதுதான் ஆடிட்டர் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"ஏன் சார், அப்படியென்றால் பீரோ?"

சாவி உள்ளே போயிற்று. கண்ணாடி மறுபடியும் கழன்றது.