மார்பக இம்ப்ளாண்ட் வாழ்நாளுக்கு வராது

இரண்டு நாளாக என் டைம்லைன் முழுக்க ஒரு கிளினிக்கின் விளம்பர ரீல்தான்: மார்பைப் பெரிதாக்க உள்ளே வைக்கும் பை, அதாவது மார்பக இம்ப்ளாண்ட் பற்றியது. எந்த கிளினிக், பேசியது யார் என்று திரும்ப எழுதப் போவதில்லை. "ஒரு தடவை வைத்தால் போதும், வாழ்நாள் வாரண்டி, மறுநாளே வேலைக்குப் போகலாம்" என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவு. எத்தனை வருடம் தாங்கும் என்று கமென்ட்டில் ஒரு பெண் கேட்டதற்கு "லைஃப்டைம் சிஸ்டர்" என்று பதில் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்ததும் மனசு கொதித்துப் போச்சு.

மார்பக இம்ப்ளாண்ட் வாழ்நாளுக்கு வராது. மருந்து, மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. சிலருக்கு 15, 20 வருடம் ஒரு தொந்தரவும் இருக்காது. சிலருக்கு மூன்றாம் வருடமே திறந்து பார்க்க வேண்டி வரும். 25 வயதில் வைத்துக்கொள்கிறவர், இன்னும் ஒன்றிரண்டு ஆபரேஷன் வரும் என்று இப்போதே கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அப்படியானால் அந்த வாரண்டி? உறை கிழிந்தால் கம்பெனி புது இம்ப்ளாண்ட் தரும், பெரும்பாலும் அவ்வளவுதான். ஆபரேஷன் தியேட்டர் செலவு, மயக்க மருந்து, சர்ஜன் கட்டணம் எல்லாம் பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான் போகும். அழகுக்கான ஆபரேஷனுக்கு மருத்துவக் காப்பீடும் பொதுவாகக் கைகொடுக்காது. கிழியவே கிழியாது என்றால் கம்பெனி எதற்கு வாரண்டி எழுதப் போகிறது?

கிழிந்தால் தெரியுமா என்பதும் முக்கியம். உப்புநீர் நிரப்பிய இம்ப்ளாண்ட் கிழிந்தால் சில நாளிலேயே மார்பு வற்றிவிடும், கண்ணுக்கே தெரியும். சிலிக்கோன் ஜெல் அப்படியில்லை. கிழிந்தாலும் பெரும்பாலும் ஜெல் சுற்றியுள்ள தழும்புச் சவ்வுக்குள்ளேயே தங்கிவிடும். பலருக்கு வலி இருக்காது, வடிவமும் மாறாது. அதனால்தான் ஐந்தாறு வருடத்தில் முதல் எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்ட், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை என்று எஃப்டிஏ பரிந்துரைக்கிறது. அந்த ஸ்கேன் செலவைப் பற்றி ரீலில் ஒரு வார்த்தை உண்டா?

அந்தச் சவ்வைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெளியிலிருந்து எதை வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி ஒரு சவ்வு கட்டும். சிலருக்கு அது சுருங்கி இறுகும். எவ்வளவு இறுகியிருக்கிறது என்று சொல்ல டாக்டர்கள் வைத்திருக்கும் பேக்கர் அளவில் நான்கு படி. மூன்றாம் படியில் மார்பு கெட்டியாகி வடிவம் கோணும், நான்கில் வலியும் சேரும். உள்ளே ரத்தம் தேங்குவதும், இம்ப்ளாண்ட் மேல் ஒட்டிக்கொள்ளும் கிருமிப் படலமும் இதற்குப் பெரிய காரணங்கள் என்கிறார்கள். கவனமான சர்ஜன் கடைசி நிமிடத்தில்தான் டப்பாவைத் திறக்கச் சொல்வார், புது கையுறை போட்டுக்கொள்வார், வேறு யாரையும் இம்ப்ளாண்டைத் தொட விட மாட்டார். ரீலில் அதை வெறுங்கையில் பிசைந்து காட்டினார்களே, அது டெமோவாகவே இருக்கட்டும், பார்க்கவே வயிறு கலங்கியது.

"எனக்கு 350 சிசி வேணும்" என்று, இம்ப்ளாண்டின் கொள்ளளவைச் சொல்லிக் கேட்பது மாதிரி காட்டியிருந்தார்கள். அளவைத் தீர்மானிப்பது உங்கள் நெஞ்சு. முதலில் டேப் வைத்து மார்பின் அடி அகலத்தை அளப்பார்கள். பிறகு மேல்பகுதியை இரண்டு விரலால் கிள்ளி, சதை எவ்வளவு தடிமன் என்று பார்ப்பார்கள். 2 செ.மீ.க்குக் குறைவென்றால் விளிம்பு வெளியே தெரியும் என்பதால் தசைக்கு அடியில் வைப்பதுதான் வழக்கம். அப்படி வைத்தால் வலி கூடுதல், கையால் எதையாவது அழுத்தித் தள்ளும்போது மார்பு இழுபட்டு அசையும். அடி அகலத்தை மீறிய சைஸை வைத்தால் அக்குள் பக்கம் துருத்தும், அல்லது நடுவில் இரண்டும் ஒட்டும். கனம் கூடினால் சில வருடத்தில் கீழே இறங்கும். ஏற்கெனவே தொங்கியிருக்கும் மார்பை இம்ப்ளாண்ட் மட்டும் தூக்கி நிறுத்தாது, அதற்குத் தனி ஆபரேஷன்.

மறுநாளே வேலையா? உட்கார்ந்து செய்யும் வேலைக்கே ஒரு வாரம் வேண்டும். குழந்தையைத் தூக்க, கனம் தூக்க நாலிலிருந்து ஆறு வாரம். முதல் சில நாளில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி இறுகினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அன்றிரவே போக வேண்டும்.

"பெண்ணின் உடம்பு, அவள் முடிவு, நீ யார் கேட்க?" என்று வருவீர்கள். முழுக்க ஒத்துக்கொள்கிறேன். 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகு அறுவை சிகிச்சையை இலவசமாகத் தந்தபோது, ஏழைக்கு எதற்கு இது என்று எழுந்த பேச்சு அசிங்கமானது. ஒரு பக்கம் வளராமலே போன பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளிடம் கேட்டால் தெரியும். ஆனால் முடிவு அவளுடையது என்றால் முழுத் தகவலும் அவளுடையதுதானே? பாதியை மறைத்துவிட்டு உரிமை பேசுவது என்ன நியாயம்?

பயமுறுத்துகிறேன் என்பவர்களுக்குப் பதில் கிடையாது. எனக்குப் பொறாமை என்று எழுதியவருக்கும் இல்லை, அது வலித்தது, அவ்வளவுதான்.

பிரான்ஸின் பிஐபி கம்பெனி, மருத்துவத்துக்கு அல்லாத தொழிற்சாலை சிலிக்கோனை இம்ப்ளாண்டில் நிரப்பி விற்றது 2010இல்தான் அம்பலமானது. 2019 ஜூலையில் அலர்கன் கம்பெனி பயோசெல் என்ற தன் சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்ப்ளாண்டுகளை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது, சவ்வில் வரும் ஒரு வகை லிம்போமா புற்றுநோயின் காரணமாக. அது பெரும்பாலும் பல வருடம் கழித்து ஒரு பக்கம் நீர் கோத்து வீங்குவதாகத்தான் தலைகாட்டும். இரண்டு முறையும் பெண்கள் தவித்தது ஒரே கேள்வியில்: எனக்குள் இருப்பது எந்தக் கம்பெனி? டப்பாவில் பிராண்ட், சைஸ், சீரியல் நம்பரோடு ஸ்டிக்கர் இருக்கும். அதை ஒட்டிய கார்டு நோயாளியிடம்தான் இருக்க வேண்டும். நம் ஊரில் வீட்டுக்குத் தெரியாமல் செய்துகொள்கிறவர்களில் சிலர் அந்தக் கார்டைத்தான் முதலில் கிழித்துப் போடுகிறார்கள். மாமியார் கண்ணில் படக்கூடாது, கணவன் பீரோவில் பார்த்துவிடக்கூடாது. மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கப் போனாலும் இம்ப்ளாண்ட் இருப்பதைச் சொல்வதில்லை. சொன்னால்தான் அதைப் பின்னுக்குத் தள்ளி, கூடுதல் படம் எடுப்பார்கள். சொல்ல முடியாதபடி கூசவைத்தது யார்? அந்த ரீலுக்குக் கீழே சிரிப்பு எமோஜி போட்டவர்களும்தான்.

கமென்ட்டில் கேட்ட தங்கச்சி, நீ இதைப் படித்தால்: டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச் அல்லது டிஎன்பி (இப்போது டிஆர்என்பி) என்ற சிறப்புப் பட்டம் முடித்தவரா என்று கேளும்மா. கீறல் எங்கே என்று கேள். காம்பைச் சுற்றிக் கீறினால் பின்னாளில் தாய்ப்பால் கொடுப்பதில் சிக்கல் வர வாய்ப்பு அதிகம், மார்புக்கு அடி மடிப்பில் என்றால் குறைவு. திரும்ப எடுக்க எவ்வளவு ஆகும் என்று தாளில் எழுதி வாங்கு. டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்த ஸ்டிக்கர் கார்டு கையில் வராமல் வெளியே வராதே. வீட்டில் வைக்க முடியாதென்றால் போட்டோ எடுத்து, நம்பும் ஒரு சிநேகிதிக்கு அனுப்பி வை.