செயற்கை நகம் பூஞ்சையைக் குணப்படுத்தாது

'சிதைந்த கால் நகத்தின் மேல் பாத மருத்துவர் ரெசின் (இறுகக்கூடிய செயற்கைப் பிசின்) பூசினால், ஒரே நாளில் பூஞ்சை ஒழிந்து புது நகம் நிரந்தரமாக நிலைத்துவிடும்' என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பரவுகிறது. இது தவறு.

சிகிச்சை உண்மையானதுதான். தடித்த, தளர்ந்த பகுதியைத் தேய்த்து மெலிதாக்கி, வளையக்கூடிய ரெசினைப் பூசி, புற ஊதா ஒளியில் இறுகச் செய்வார்கள். அசல் நகம் போலவே தெரியும். செருப்பணியவே கூசியவர்களுக்கு அது பெரிய ஆறுதல். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இயல்பான நகம் வளர வளர இந்தப் பூச்சு முன்னோக்கி நகர்ந்துவிடும். சில வாரங்களில் மறுபடி பூச வேண்டும்.

பூஞ்சை குடியிருப்பது நகத்திலும் அதன் அடியிலுள்ள தோலிலும். அதை ஒழிப்பது மருந்துதான். டெர்பினாஃபின் மாத்திரை என்றால், கால் நகத்துக்கு வழக்கமாக 12 வாரங்கள். அதன் பிறகும் பெருவிரல் நகம் முழுதாக மாற 12 முதல் 18 மாதங்கள் ஆகும். நகம் முளைக்கும் வேர்ப்பகுதியே சிதைந்திருந்தால் பழைய வடிவம் திரும்பாமலும் போகலாம்.

இந்தச் செய்தியின் உண்மையான ஆபத்து, சோதிக்காமல் மூடச் சொல்வது. தடித்த நகமெல்லாம் பூஞ்சை அல்ல, சொரியாசிஸ் என்னும் தோல் நோயாகவும் இருக்கலாம். நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகும் கருங்கோடு, அரிதாக, மெலனோமா என்னும் புற்றுநோயின் அடையாளம். நகத்துண்டை ஆய்வகத்தில் சோதித்த பிறகே பூச்சைப் பற்றி யோசியுங்கள். நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள், பூச்சின் அடியில் புண் வந்தாலும் அறியமாட்டார்கள். மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.