துருவின் மேல் ரெட் ஆக்சைடு அடித்தால் போதுமா?

பழைய பத்மினி, அம்பாசிடர் கார்களை வீட்டிலேயே புதுப்பிப்பவர்களிடையே ஒரு தகவல் சுற்றுகிறது: "துருவின் மேல் ரெட் ஆக்சைடு (சிவப்பு அடிப்பூச்சு) அடித்து, ஓட்டையைப் பட்டியால் (புட்டி, நிரப்பும் பசை) அடைத்தால் போதும், வெல்டிங் வேண்டாம்." இது தவறு, ஆபத்தும்கூட.

ரெட் ஆக்சைடின் சிவப்பு நிறமே இரும்பு ஆக்சைடுதான். அது துருவை மாற்றாது. பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவமும் மேலோட்டமான துருவுக்கு மட்டுமே உதவும். பட்டி ஈரத்தை உறிஞ்சும்; பின்பக்கம் அரிப்பு தொடர, பெயிண்ட் கொப்பளிக்கும்.

இந்தக் கார்களுக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியேதான் பாரம் தாங்குகிறது. அதனால் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் வெட்டியே ஆக வேண்டும்.

முதலில் பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் கழற்றுங்கள். கதவு வாசலில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து டேக் அடியுங்கள், அதாவது தற்காலிகமாகச் சிறு புள்ளிகளாக வெல்டிங் செய்யுங்கள். இல்லையென்றால் வெட்டியதும் பாடி தொய்ந்து, பிறகு கதவு சரியாக மூடாது. நல்ல தகடு வரும்வரை வெட்டி, 18 கேஜ் (சுமார் 1.2 மி.மீ. தடிமன்) தகடு பொருத்தி, மிக் வெல்டிங்கில் (கம்பி தானாக வந்து உருகும் மின் வெல்டிங்) விட்டுவிட்டுப் புள்ளி வையுங்கள். ஒரே இழுப்பில் ஓட்டினால் சூட்டில் தகடு நெளியும். வெளியே எபாக்சி பிரைமர் (ஈரம் புகாத அடிப்பூச்சு), சில்லின் உட்புறம் கேவிட்டி வேக்ஸ் (உட்குழிவில் தெளிக்கும் துருத் தடுப்பு மெழுகு) அடியுங்கள். பட்டி அதற்குப் பிறகுதான், அதுவும் 2 மி.மீ.க்குள்.