ஐந்து மதிப்பெண் உரிமைகள்

பிள்ளைகளின் உரிமையைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், ஆசிரியர் அறையில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "உரிமையெல்லாம் அப்புறம் சார், முதல்ல கடமையைச் சொல்லிக் கொடுங்க." பெற்றோர் கூட்டத்திலும் இதைத்தான் கேட்கிறேன். வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படங்களில்கூட, தாமரைப் பூவுக்கு மேலே இதே வாசகம். அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறவன் நான். இந்த வாக்கியத்தோடு எனக்குப் பல வருடத் தகராறு. இன்று அதை எழுதித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளும்.

கடமையைச் செய்தால்தான் உரிமை என்றால் அதற்குப் பெயர் கூலி. வேலையை முடித்தவனுக்குக் கொடுப்பது. ஆறு வயதுக் குழந்தை எந்த வேலையை முடித்துவிட்டு ஒன்றாம் வகுப்பில் வந்து உட்காருகிறது? ஆறு முதல் பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது அரசியலமைப்பின் 21ஏ பிரிவு. நன்றாக நடந்துகொண்டால் என்றோ, எதிர்த்துப் பேசாமல் இருந்தால் என்றோ அதில் ஒரு நிபந்தனையும் கிடையாது.

பொறுப்பே சொல்லித்தர வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 'கடமை' என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் மனதில் இருப்பது 'சொன்ன பேச்சைக் கேள்' என்பதுதான். அதை நேராகவே சொல்லிவிடலாம். அதற்கு எதற்கு அரசியலமைப்பைத் துணைக்கு இழுக்க வேண்டும்?

பத்தாம் வகுப்புக் குடிமையியலில் முதல் பாடமே இந்திய அரசியலமைப்பு. அடிப்படைக் கடமைகள், 42ஆவது திருத்தம், 1976, ஸ்வரண் சிங் குழு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் சொல்வார்கள். ஒரு மதிப்பெண் உறுதி. அந்த 1976 நெருக்கடி நிலைக் காலம் என்பதும், குடிமக்களின் உரிமைகளை முடக்கி வைத்திருந்த நேரத்தில்தான் கடமைகள் உள்ளே வந்தன என்பதும் வேறு எங்கோ தனித்தனியாகக் கிடக்கும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள், கடைசி பெஞ்சிலிருந்துகூட கேள்வி வரும்.

ஆனால் அந்தப் பட்டியல் மோசமானது இல்லை. நாம்தான் அதை ஒழுங்காகப் படிக்கவில்லை. வாக்களிப்பது அதில் இல்லை. வரி கட்டுவதும் இல்லை. வரியை ஸ்வரண் சிங் குழு பரிந்துரைத்தது, நாடாளுமன்றம் சேர்க்கவில்லை. பெரியவர் சொல் தட்டாதே என்பது நிச்சயமாக இல்லை. இருப்பது என்ன? பெண்களின் மாண்பைக் குறைக்கும் பழக்கங்களைக் கைவிடுவது. காடு, ஏரி, ஆறு, காட்டுயிர்களைக் காப்பது. 51ஏ(எச்) பிரிவில் அறிவியல் மனப்பான்மை, மனிதநேயம், ஆராய்ந்து அறியும் உணர்வு, சீர்திருத்த உணர்வு. அதாவது "ஏன் சார் அப்படி?" என்று கேட்கிற பிள்ளை தன் கடமையைச் செய்துகொண்டிருக்கிறது. "அதிகப்பிரசங்கி, உட்காரு" என்கிற நாம்தான் குறுக்கே நிற்கிறோம். 2002இல் 86ஆவது திருத்தம் சேர்த்த பதினோராவது கடமை இன்னும் வேடிக்கை. அது பெற்றோருக்கானது: பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பைத் தர வேண்டும் என்பது. அப்பா அம்மாவின் கடமையையும் பிள்ளைகள்தான் மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள்.

உரிமையும் கடமையும் மோதுகிற இடத்தில் என்ன செய்வது என்பதற்கு நான் ஒரு வழக்கைத்தான் சொல்வேன். பாடப்புத்தகம் எப்படிப் போனாலும் அதற்கு ஒரு பீரியட் முழுதாகக் கொடுத்துவிடுவேன். 1985, கேரளம். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த அண்ணன், தங்கைகள் மூன்று பேர். பள்ளியில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். தங்கள் நம்பிக்கை அதற்கு இடம் தரவில்லை என்றார்கள். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கவனித்துக் கேள்வி எழுப்ப, விசாரணை நடந்தது. பிள்ளைகள் சட்டத்தை மதிக்கிறவர்கள், அவமரியாதை எதுவும் செய்யவில்லை என்றுதான் விசாரணையில் வந்தது. ஆனாலும் பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் தோல்வி. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பில், நீக்கியது தவறு என்றது. தேசிய கீதத்தை மதிப்பது 51ஏ-யில் முதல் கடமை. எழுந்து நின்றதே அந்த மதிப்பு, பாடித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

இதைச் சொன்னதும் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். "அது எப்படி சார் பாடாம இருக்கலாம்?" என்று பாதிப் பேர். "நின்னாங்கல்ல, அப்புறம் என்ன?" என்று மீதிப் பேர். நான் நடுவில் தீர்ப்புச் சொல்வதில்லை. தனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒருவனின் உரிமைக்காக ஒரு மாணவன் எழுந்து வாதாடுவதை அந்த ஒரு பீரியடில்தான் பார்க்க முடிகிறது. உரிமைகளின் வகைகளை ஆறு தலைப்பாக எழுதி அடிக்கோடு போடுகிற ஐந்து மதிப்பெண் விடையில் அது ஒருபோதும் வராது.

சரி, பாடம் ஒரு பக்கம் இருக்கட்டும். பள்ளிக்கூடம் நடக்கிற விதம் என்ன சொல்லித்தருகிறது?

கிளாஸ் லீடரை எடுத்துக்கொள்ளுங்கள். யார் தேர்ந்தெடுப்பது? ஆசிரியர். யாரை? முதல் ரேங்க் வாங்குகிறவரை, இல்லையென்றால் உயரமாக இருக்கிறவரை. லீடரின் வேலை என்ன? ஆசிரியர் இல்லாதபோது கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுவது. திரும்பத் திரும்பப் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி. லீடரின் நண்பன் பெயர் மட்டும் எப்படியோ அழிந்துவிடும். இதைப் படிக்கிற எல்லோரும் ஒன்று அந்தப் பட்டியலில் இருந்திருப்பீர்கள், அல்லது எழுதியிருப்பீர்கள். பத்து வயதில் ஒரு பிள்ளைக்கு அதிகாரத்தைப் பற்றிக் கிடைக்கிற முதல் பாடம் இது: மேலே இருப்பவர் நியமிப்பார், நீ காட்டிக் கொடுக்க வேண்டும், வேண்டியவனை விட்டுவிடலாம். பிற்பாடு குடிமையியலில் வாக்குரிமையைப் பற்றி நான் எத்தனை பக்கம் நடத்தினாலும் அது மேல் பூச்சுதான்.

இதற்கு மாற்று புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ராஜஸ்தானில் திலோனியா என்ற ஊரில், பகலில் ஆடு மாடு மேய்க்கிற பிள்ளைகளுக்காக நடந்த இரவுப் பள்ளிகளில் குழந்தைகளே வாக்களித்து ஒரு நாடாளுமன்றம் வைத்துக்கொண்டார்கள். பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது அந்த நாடாளுமன்றத்தின் வேலை. நம் அரசுப் பள்ளிகளிலும் 2024 நவம்பரில் 'மகிழ் முற்றம்' வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள், மாணவர் பொறுப்பாளர்கள். நல்ல யோசனை. ஆனால் பேட்ஜ் குத்திப் பதவியேற்ற பிறகு அந்தப் பிள்ளை எதையாவது ஒன்றை முடிவு செய்ய முடிகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நூலகத்துக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம் என்பதையாவது அவர்களிடம் விடலாம். கையில் ஒரு முடிவும் இல்லாதவரிடம் பொறுப்பை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அப்புறம் பி.டி. பீரியட். ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 1989இல் வந்தது, 1992இல் இந்தியா அதில் சேர்ந்தது. அதன் 31ஆவது பிரிவு ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. அந்த உடன்படிக்கையைப் பாடமாக நடத்தி முடிக்க நேரம் போதவில்லை என்று பி.டி. பீரியடைக் கடன் வாங்குகிற கூட்டம் நாங்கள். (கணக்கு ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம். முக்கியக் குற்றவாளி யாரென்று ஊருக்கே தெரியும்.)

இந்த விவாதத்தில் எனக்கு மிகச் சிக்கலாகப் படுவது துடைப்பம். வகுப்பறையைப் பிள்ளைகள் கூட்டலாமா, கூடாதா? ஜப்பானியப் பள்ளிகளில் பிள்ளைகளே வகுப்பையும் நடைபாதையையும் துடைக்கிறார்கள், பல பள்ளிகளில் கழிப்பறையையும் கழுவுகிறார்கள் என்று வீடியோ வருகிறது. உடனே "இதுதான் பொறுப்பு, நம்ம ஊர்ல செஞ்சா கேஸ் போடுவாங்க" என்று கீழே எழுதுகிறோம். ஆமாம், கேஸ் போடுவார்கள், போடத்தான் வேண்டும். 2022இல் ஈரோடு மாவட்டத்தில் பட்டியல் சாதி மாணவர்களை மட்டும் கழிப்பறை கழுவ வைத்ததாகப் புகார் வந்து, ஒரு தலைமையாசிரியர் கைதானார். ஜப்பானில் முறை வைத்து எல்லோரும் செய்கிறார்கள், ஆசிரியரும் கூட நிற்கிறார். இங்கே துடைப்பத்தை யார் கையில் கொடுக்கலாம் என்பது வருகைப் பதிவேட்டைப் பார்க்காமலேயே சிலருக்குத் தெரிந்துவிடுகிறது. பையன்கள் பெஞ்சைத் தூக்கிப் போட, பெண் பிள்ளைகள் மட்டும் கூட்டுகிற வகுப்புகளும் உண்டு, அதில் யாருக்கும் எதுவும் உறுத்துவதில்லை.

எங்கள் பாடப்புத்தகங்களின் முதல் பக்கங்களில் 'தீண்டாமை மனிதநேயமற்ற செயலும் பெருங்குற்றமும் ஆகும்' என்று அச்சிட்டிருக்கும். தலைமுறை தலைமுறையாக, ஏதோ ஒரு வடிவில், பார்த்துப் பழகிய வரி. அந்தப் புத்தகத்தைத் திறக்கிற கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு அடுத்த ஆண்டு அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்கள் பள்ளியில் கூடாது என்பது அதிலுள்ள பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றை அவிழ்க்கச் சொல்வது எளிது. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று ஒரு ஆசிரியர் மதிய இடைவேளையில் நடந்து பார்ப்பதுதான் கடினம். அதைச் செய்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு யாரும் விருது கொடுப்பதில்லை.

"அடிக்கவும் கூடாது, திட்டவும் கூடாது, உரிமையை வேற சொல்லிக் குடுத்தா தலையில ஏறி உட்கார மாட்டானா?" என்று நண்பர்கள் கேட்பதும் காதில் விழுகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்துவிட்டது. 2010 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இன்னமும் "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போகிற அப்பாக்கள் இருக்கிறார்கள். ஐம்பது பேரை ஒரே அறையில் வைத்துக்கொண்டு திண்டாடுகிற ஆசிரியரின் சிரமம் உண்மை, நானும் அதில்தான் இருக்கிறேன். ஆனால் அதற்கு மருந்து கூடுதல் ஆசிரியர், பள்ளிக்கொரு ஆலோசகர். பிள்ளைக்குச் சட்டம் தெரியாமல் பார்த்துக்கொள்வது மருந்தாகாது.

"அடிச்சா 1098க்குப் போன் பண்ணுவேன்" என்று, குழந்தைகள் உதவி எண்ணைச் சொல்லி மிரட்டுகிற பையன் ஒருவன் இருப்பான். இருக்கட்டும். அதே எண்ணை வேறு பிள்ளைகளும் பயன்படுத்துகிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கமிருந்து குழந்தைத் திருமணம் நின்றதாகச் செய்தி வரும்போது விவரத்தைப் படித்துப் பாருங்கள். சில சமயம், தகவல் கொடுத்தது கூடப் படிக்கிற தோழிகள் என்றிருக்கும். தன் உரிமைக்கு ஆபத்தில்லாதபோதும், ஊரே பகைக்கும் என்று தெரிந்தும், இன்னொருத்திக்காகப் போனை எடுக்கிற பதினான்கு வயதுப் பெண். இதைவிடப் பெரிய கடமையுணர்வை எந்த நீதிபோதனை வகுப்பும் கொண்டுவந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு அந்த எண்ணை யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்போது எங்கள் வகுப்பில் நடக்கிற ஒன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். பத்தாம் வகுப்புத் தமிழில் மனு எழுதும் பகுதி உண்டு: பழுதான தெருவிளக்குகளைச் சரிசெய்யக் கோரி மின்வாரிய அலுவலருக்குக் கடிதம். ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பிள்ளைகள் அ.ஆ.இ. தெருவிலிருந்து, இல்லாத விளக்குக்காக, போகாத மனுவை எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். ஒன்றையாவது உண்மையாக அனுப்பினால் என்ன என்று தமிழாசிரியரும் நானும் பேசிக்கொண்டோம். பள்ளிக்குத் திரும்புகிற சாலையில் விளக்கு எரிவதில்லை. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து பெண் பிள்ளைகள் அந்த இருட்டில்தான் போகிறார்கள். எழுதி, கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். பதிலும் வந்தது: தெருவிளக்குப் பராமரிப்பு ஊராட்சியின் வேலை, அங்கே கேளுங்கள்.

பாடப்புத்தகத்தில் உள்ள முகவரியே தப்பு என்று வகுப்பில் ஒரே சிரிப்பு. அடுத்த மனு ஊராட்சித் தலைவருக்குப் போனது, பதிலில்லை. அப்போதுதான் ஒரு மாணவி, அக்டோபர் 2 கிராம சபையில் வைத்தால் என்ன என்றாள். வைக்கலாம். ஆனால் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் கிராம சபை உறுப்பினர்கள், பிள்ளைகளுக்கு அங்கே தீர்மானம் கொண்டுவர வழியில்லை, பெரியவர் ஒருவர்தான் எழுந்து பேச வேண்டும் என்று சொன்னேன். தன் அம்மா பேசுவார் என்றாள். அம்மா இதுவரை கிராம சபைக்குப் போனதே இல்லையாம், நூறு நாள் வேலைக் கணக்கு கேட்கவேண்டும் என்று ஒரு பாக்கி மட்டும் மனதில் வைத்திருக்கிறாராம். என் அப்பாதான் நன்றாகப் பேசுவார் என்று இன்னொருவன் கிளம்பிவிட்டான். இரண்டு பேரில் யார் வாசிப்பது என்று வகுப்பில் ஓட்டுப் போடப் போகிறார்கள். தேர்தல் அதிகாரியாக என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், நான் அம்மா பக்கம் சாய்வேன் என்று சந்தேகமாம்.