நல்லாத்தானே ஓடுது!

"தம்பி, நல்லாத்தானே ஓடுது, ஏன் சும்மா பனலைத் திறக்கிறீர்?" மோட்டாரின் மின்பெட்டியைத் திறந்து பார்க்கக் கேட்டால், ஆறு மாதமாக ஆலைக்காரரிடமிருந்து இதே பதில். திருகோணமலை உப்புக்காற்று அனுமதி கேட்டா உள்ளே போகிறது? வயர் பூட்டும் டெர்மினல்கள் பச்சை பூத்துக் கிடக்கின்றன. மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் கொன்டாக்டர் வண்டு மாதிரி இரைகிறது. திருகாணி இறுக்க அரை மணி நேரம் மோட்டாரை நிறுத்தக் கேட்டால், கிட்னியைக் கேட்டது போல முகம். மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் நிறுத்திவிடும் ஓவர்லோட் அடிக்கடி விழுகிறதா? சரி, 15 அம்பியர் மோட்டாருக்கு 22இல் திருப்பி வைத்தார் ஒரு புண்ணியவான். உள்ளே பல்லிக் குடும்பம் வேறு, வாடகையில்லாமல். திங்கட்கிழமை, மோட்டாருக்கு மின்சாரம் வரும் மூன்று பேஸில் ஒன்று போனது. மிச்ச இரண்டில் முக்கி முக்கி ஓடி மோட்டார் கருகியது. மூன்று நாளாக ஆலையே நிற்கிறது. அரை மணி நேரம் தர முடியாதவர் இப்போது கேட்கிறார்: "முந்தியே பார்த்திருக்கலாமே, தம்பி?"