செராமிக் கோட்டிங் போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, இப்ப சொல்றேன்

"செராமிக் கோட்டிங் போட்டா கீறலே விழாதாமே மச்சான்?" கார் பெயிண்ட் மேல மெல்லிசா பூசுனா இறுகிப் பாதுகாப்பா நிக்குற திரவம்தான் இந்தக் கோட்டிங், இத எத்தனை பேர் கேட்டுட்டாங்கன்னு கணக்கே இல்ல. விழும்யா. நல்லாவே விழும். என் கார் பின் பம்பர்ல ஒண்ணு இருக்கு, வந்து பாத்துக்கலாம்.

விளம்பரத்துல 9ஹெச்னு கொட்டை எழுத்துல போடுறாங்கல்ல, அத பாத்துட்டு வைரம் 10, நம்ம கோட்டிங் 9ன்னு எல்லாரும் நெனச்சுக்கிறாங்க, நானும் அப்டித்தான் நெனச்சேன். அது பென்சில் கணக்கு. ஸ்கூல்ல ஹெச்பி பென்சில் வெச்சிருந்தோமே, அதே வரிசையில கடைசியா இருக்குற கெட்டிப் பென்சில்தான் 9ஹெச், அதால இழுத்தா கோடு விழலங்கிறதுதான் அந்த டெஸ்ட்டே. வைரத்தோட 10 வேற அளவுகோல். இதுல கோட்டிங்கோட கனமே ஒண்ணு ரெண்டு மைக்ரான்தான், அடியில இருக்குற கிளியர் கோட்டு, அதாவது கலர் மேல கம்பெனியே அடிச்சு விடுற நிறமில்லாத பெயிண்ட், சுமார் 40, 50 மைக்ரான். கல்லு தெறிச்சா தாங்கணும்னா பிபிஎஃப்னு பெயிண்ட் மேல ஒட்டுற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டணும், அது 150, 200 மைக்ரான் கனம், அந்தக் கதை வேற.

நான் யார்கிட்டயும் விடாம நானே போட்டேன். பாட்டில் என்னவோ கண்ணுக்கு மை வாங்குன மாதிரி துளியூண்டு, போடுறதுக்கு அரை நாள்தான், ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு முழு நாள் இடுப்பு ஒடிஞ்சுது. கழுவி, அயர்ன் ரிமூவர் அடிச்சா வெள்ளைக் கார் மேல வயலட் கலர்ல ஒழுகுது, எல்லாம் பிரேக்லருந்து பறந்து ஒட்டுன இரும்புத் தூள், நம்ம கண்ணுக்கு அதுவரைக்கும் பளபளன்னுதான் இருந்துச்சு! அப்புறம் ஒட்டுன அழுக்க இழுத்து எடுக்குற களிமண் மாதிரி கட்டி, கிளே பார், அப்புறம் பாலிஷ், அப்புறம் அந்த பாலிஷ் எண்ணெய் துளி கூட இல்லாம ஆல்கஹால் போட்டுத் துடைக்கணும், இல்லன்னா கோட்டிங் பெயிண்ட்ல ஒட்டாது. பாலிஷ மட்டும் தயவுசெஞ்சு விட்டுறாதீங்க, கோட்டிங் கண்ணாடி மாதிரி, கீழ என்ன கீறல் இருக்கோ அத மூடாது, அப்டியே மேல உக்காந்துக்கும்.

சின்னச் சின்னக் கட்டமா குறுக்கும் நெடுக்குமா தேச்சுட்டுப் பாத்துட்டே இருக்கணும், வானவில் மாதிரி மினுக்குனதும் மைக்ரோஃபைபர் துணியால வழிச்சுத் துடைக்கணும். பானெட் ஓரத்துல நான் ஒரு இடத்த விட்டுட்டேன். மறுநாள் வெளிச்சத்துல பாத்தா எண்ணெய்க் கை வெச்ச மாதிரி திட்டு. இறுகிட்டா துணிக்கெல்லாம் வராது, மறுபடி பாலிஷ் போட்டு எடுத்து அந்த இடத்துக்கு மட்டும் திரும்பப் போட்டேன்.

சரி, போட்டாச்சு. தண்ணி முத்து முத்தா உருளுற வீடியோ எல்லாரும் போடுறாங்க, நானும் போட்டேன், லைக்கும் வந்துச்சு. ஆனா அந்த முத்துதான் வில்லன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. உருண்டு கீழ விழுந்தா சரி, விழாம வெயில்ல காஞ்சுதுன்னா அந்தத் துளியில இருந்த உப்பெல்லாம் ஒரே புள்ளியில சேந்து வட்டக் கறையா நிக்கும், அதுவும் உப்புத் தண்ணின்னா கேக்கவே வேணாம். அதனால இப்பல்லாம் கடைசில ஹோஸ் முனைய கழட்டிட்டு மேலருந்து மெதுவா தண்ணி விடுவேன், மொத்தமா ஒரே விரிப்பா இறங்கிடும், மிச்சத்த டவலால ஒத்தி எடுத்தா போதும். பறவை எச்சமும் அப்டித்தான், கோட்டிங் இருக்குன்னு விட்டா அதையும் அரிச்சுடும், நமக்குக் கொஞ்சம் டைம் குடுக்கும், அவ்ளோதான்.

நடுவுல ஒரு தடவை முத்து விழுறதே நின்னுபோச்சு. ஏமாந்துட்டோமேன்னு புலம்பிட்டு, எதுக்கும் அயர்ன் ரிமூவர் அடிச்சுப் பாப்போம்னு கழுவுனா திரும்ப வந்துடுச்சு. கோட்டிங் போகல, மேல அழுக்குதான் அடைஞ்சிருக்கு.

எனக்கு இதுல கெடச்ச லாபம் கழுவுற நேரம். சேறு முன்ன மாதிரி கவ்வாது, பாதித் தேய்ப்பு மிச்சம். தேய்ப்பு கொறஞ்சா ஸ்வர்ல் மார்க்கும், அதான் தேய்க்கும்போது வட்ட வட்டமா விழுற மெல்லிசுக் கீறல், கொறையும். ஆனா பிரஷ் சுத்துற ஆட்டோமேட்டிக் வாஷ்ல கொண்டுபோய் விட்டா அதுவும் கோவிந்தா.

போன வாரம் ஒருத்தன் புதுக் கார் எடுத்துட்டு வந்தான். "புதுசு தானடா, பாலிஷ் எதுக்கு, நேரா கோட்டிங் போட்டுறலாம்ல?"னு கேட்டான். நான் ஒண்ணும் சொல்லல, ஃபோன் டார்ச்ச போட்டு பானெட் மேல சாய்ச்சுக் காட்டுனேன். சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கோடு. குனிஞ்சு பாத்தவன் கொஞ்ச நேரம் நிமிரவே இல்ல.